பிறர் நாவில் வாழ்ந்த பாட்டு



சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையின் ஒளி விழாவிலே உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஆங்கிலப் பாடல் ஒன்றைப் பாடினாள். பக்கவாத்தியம் ஒரு கிற்றார் மட்டுமே. ‘அல்லேலூயா’ என்னும் எபிரேயச் சொல், பல்லவியாக மீண்டும் மீண்டும் வந்து மண்டபத்தை நிறைத்தது. பின்வரிசையிற் சலசலத்துக் கொண்டிருந்த சிறுவரும் வாய்மூடிக் கேட்டனர். நிகழ்ச்சி முடிந்தபின் அவளை அழைத்து, “பிள்ளை, இந்தப் பாட்டு யாருடையது?” என வினவினேன். “அது ஒரு சினிமாப் பாட்டு, சேர்” என்றாள். அருகில் நின்ற இளம் ஆசிரியர், “இல்லை சேர், ஜெஃப் பக்லி என்பவர் பாடியது” என்று திருத்தினார். இன்னுமொருவர், இலண்டன் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் வென்ற பெண்ணின் பாட்டு அது என்றார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும், அப்பாட்டை இயற்றியவரின் பெயர் மூவருள் ஒருவர் வாயிலிருந்தேனும் வரவில்லை.

அன்றிரவு வீடு திரும்பியபின் அந்தப் பாட்டின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். தேடத் தேட, அது ஒரு பாட்டின் வரலாறாக மட்டும் நிற்கவில்லை. ஒருவர் ஆக்கியதை மற்றொருவர் எடுத்துப் பாடுதல் எப்போது களவாகும், எப்போது காணிக்கையாகும் என்ற பழைய வினாவுக்கு விடை கூறும் வரலாறாகவும் அது விரிந்தது. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நன்னூலார் வகுத்தமையை நாம் பள்ளிப் பருவத்திலே படித்திருக்கின்றோம். முன்னோன் கண்ட முடிபை ஏற்றுக்கொண்டு, தனக்கு வேண்டிய வேறுபாடுகளையும் புகுத்தி, மரபு கெடாமற் பின்னோன் செய்வதே வழிநூல். மேனாட்டு இசையுலகில், ஒருவர் பதிவுசெய்த பாடலை மற்றொருவர் தம் குரலிலே மீண்டும் பதிவுசெய்தலை நாம் மீள்பாடல் என்று கூறலாம். அதுவும் ஒருவகையில் வழிநூலே. ஒரே ஆசிரியரின் பாடல்களைப் பல கலைஞர் ஆளுக்கொன்றாகப் பாடி ஒரே இசைத்தட்டிற் சேர்த்து, அவருக்கு மரியாதையாக வெளியிடுவதும் உண்டு. அதனைக் காணிக்கை இசைத்தொகுதி எனலாம்.

இந்த மீள்பாடல் வழக்கத்துக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, துளையிட்ட காகிதச் சுருளால் தானே இயங்கும் பியானோக்கள் அமெரிக்காவிற் பெருகியிருந்தன. அச்சுருள்களை விற்றோர் பாட்டாசிரியருக்கு ஒரு காசும் கொடுத்தாரல்லர். 1908ஆம் ஆண்டிலே அந்நாட்டின் உயர்நீதிமன்றம், கண்ணால் வாசிக்க இயலாத அச்சுருள் பாட்டின் பிரதியாகாது என்று தீர்ப்பளித்தது. பாட்டாசிரியர்கள் முறையிட்டனர். அதன் பயனாக 1909ஆம் ஆண்டிலே புதிய பதிப்புரிமைச் சட்டம் பிறந்தது. ஒரு பாட்டை ஆசிரியரின் இசைவோடு ஒருமுறை பதிவுசெய்துவிட்டால், அதன்பின் எவரும் அதனைப் பதிவு செய்யலாம். ஆனால் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 2 சதம் ஆசிரியருக்குக் கொடுத்தல் வேண்டும் என்பது அச்சட்டம் கண்ட வழி. அந்த 2 சதம் 1978ஆம் ஆண்டுவரை மாறாமலே இருந்தது என்பது வியப்புக்குரியது. எவ்வாறாயினும், பாட்டு ஒருவருடைய சொத்து, பாடும் உரிமை ஊருக்குப் பொது என்ற ஏற்பாடு அன்றே நிலைபெற்றுவிட்டது.

சட்டம் இவ்வாறிருப்பினும் நடைமுறையிலே நீதி எப்பொழுதும் நிலவவில்லை. 1950களிலே கறுப்பினக் கலைஞர் பாடிய பாடல்களை, அவை விற்பனையில் ஏறத் தொடங்கியவுடனே, வெள்ளையினப் பாடகரைக் கொண்டு அமெரிக்க நிறுவனங்கள் விரைந்து பதிவுசெய்தன. லிற்றில் றிச்சட் 1955ஆம் ஆண்டிலே பாடிய ‘டூற்றி புறூற்றி’ என்னும் பாடலை அடுத்த ஆண்டிலே பற் பூன் பாடினார். விற்பனை வரிசையில் முதல்வரின் பாடலைக் காட்டிலும் பின்னவரின் பாடலே மேலே நின்றது. வானொலி நிலையங்கள் பல, நிறம் பார்த்தே இசைத்தட்டைச் சுழலவிட்ட காலம் அது. அங்கே மீள்பாடல் முன்னோனை மறைக்கும் திரையாயிற்று.

இந்நிலை மாறி, மீள்பாடலைக் கடன் தீர்க்கும் செயலாகக் கொள்ளும் ஒரு தலைமுறை பின்னர் எழுந்தது. 1970களின் பிற்பகுதியிலே பிரித்தானியாவில் இளைஞர் சிலர், பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் தயவை வேண்டாது, சொந்தச் சிறு நிறுவனங்களை நிறுவினர். 1976இல் இலண்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையாகத் தொடங்கிய ‘றவ் றேட்’ 1978இல் வெளியீட்டு நிறுவனமுமாயிற்று. மன்செஸ்ரர் நகரில் ‘பக்ரறி’ என்னும் நிறுவனமும் அதே 1978இல் எழுந்தது. இவற்றின் விற்பனையைத் தனியே கணக்கிடும் வரிசைப் பட்டியல் 1980ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. இவ்வழி வந்தவர்களையே சுயாதீன இசைக் கலைஞர் என்கின்றோம். இவர்களுட் பெரும்பாலார் செல்வமோ பெரும்புகழோ இல்லாதவர். ஆனால் பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டவர். காணிக்கைத் தொகுதி என்னும் வடிவம் அவர்களுக்கு இயல்பாகவே கைவந்தது. ஹல் வில்னர் என்பார் 1981ஆம் ஆண்டிலே இத்தாலியத் திரையிசை மேதை நீனோ றோட்டாவின் இசையைப் பல கலைஞரைக் கொண்டு வாசிப்பித்து வெளியிட்ட தொகுதி இதற்கு முன்னோடி. 1989இல் நீல் யங் என்பாரின் பாடல்களைச் சுயாதீனக் கலைஞர் பலர் பாடிய தொகுதி வந்தது. இரண்டாண்டு கழித்துப் பாரிஸ் நகரிலிருந்து வந்த தொகுதியே நம் கதைக்கு உயிர்.

அதனைச் சொல்லுமுன் பாட்டாசிரியரைச் சொல்லவேண்டும். அவர் பெயர் லெனாட் கோகன். 1934ஆம் ஆண்டு செப்ரெம்பர் 21ஆம் நாள் கனடாவின் மொன்றியல் நகரிலே யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். மக்கில் பல்கலைக்கழகத்திற் கற்றார். 1956ஆம் ஆண்டிலே முதற் கவிதை நூலை வெளியிட்டார். பின்னர் கிரேக்கத்தின் ஹைட்ரா தீவிலே சிறு வீடொன்றை வாங்கி, அங்கிருந்து இரு நாவல்களையும் எழுதினார். புலவர் என்ற பெயர் கிடைத்தது, வயிறு நிறையவில்லை. முப்பது வயதைக் கடந்தபின் பாட்டு எழுதிப் பிழைக்கலாம் என்ற எண்ணத்துடன் நியூயோர்க் சென்றார். அவருடைய ‘சுசான்’ என்னும் பாடலை 1966ஆம் ஆண்டிலே முதலில் இசைத்தட்டிற் பதிவுசெய்து உலகறியச் செய்தவர் ஜூடி கொலின்ஸ் என்னும் பாடகி. கோகனின் சொந்த இசைத்தட்டு 1967ஆம் ஆண்டின் இறுதியிலேதான் வந்தது. ஆகவே, அவர் பாட்டு பிறர் நாவினூடே உலகுக்கு வருவதென்பது தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது போலும்.

கோகன் விரைந்தெழுதும் புலவரல்லர். ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கிற் காத்திருப்பவர். ‘அல்லேலூயா’ என்னும் பாட்டுக்காக அவர் எழுதிக் குவித்த கண்ணிகள் எண்பதளவில் இருந்தன என்பர். பொப் டிலன் பாரிஸ் நகரத் தேநீர்ச்சாலை ஒன்றிலே, இப்பாட்டை எழுத எவ்வளவு காலம் சென்றது என்று அவரை வினவினாராம். இரண்டு ஆண்டு என்று விடையளித்த கோகன், அதுவும் குறைத்துச் சொன்ன கணக்கே என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். டிலனுடைய பாட்டொன்றைக் குறித்து அவர் பதிலுக்கு வினவியபோது, பதினைந்து நிமிடம் என்று விடை வந்ததாம்.

அப்பாட்டிலே தாவீது அரசனும் சிம்சோனும் வருகின்றனர். பழைய ஏற்பாட்டின் பெருமை மிக்க மாந்தர் காதலினால் வீழ்ந்த கதை அது. துதி என்பது வென்றவன் வாயிலிருந்து மட்டும் வருவதன்று. உடைந்துபோன உள்ளத்திலிருந்தும் அதே சொல் எழலாம் என்பது அதன் உட்கருத்து.

1984ஆம் ஆண்டிலே, தம் ஐம்பதாவது வயதிலே, கோகன் இப்பாட்டை உள்ளடக்கிய இசைத்தட்டைப் பதிவு செய்தார். கொலம்பியா நிறுவனம் அதனைக் கேட்டது. அமெரிக்காவிலே வெளியிடுவதற்கில்லை என்று ஒதுக்கிவிட்டது. பிற நாடுகளில் இசைத்தட்டு வந்தது. அமெரிக்காவில் ஒரு சிறு நிறுவனமே அதனை வெளியிட்டது. கேட்டவர் மிகச் சிலர். 1988ஆம் ஆண்டிலே பொப் டிலன் இரண்டொரு மேடைகளில் இப்பாட்டைப் பாடினார் என்பதைத் தவிர, அது ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

இனிப் பாரிசுக்கு வருவோம். 1986ஆம் ஆண்டிலே அந்நகரில் இளைஞர் சிலர் ‘லெசான்றொக்குப்ற்றிபிள்’ என்னும் இசைச் சஞ்சிகையைத் தொடங்கியிருந்தனர். ஊழலுக்கு மசியாதவர் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் நடுவே றொக் இசையின் பெயரைச் செருகிச் சமைத்த வேடிக்கைப் பெயர் அது. நீண்ட நேர்காணல்களும் ஆழ்ந்த விமரிசனமும் அதன் சிறப்பு. கோகன் மீது அவ்விதழார் பேரன்பு கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவரான கிறிஸ்தியன் பெவ்ரே, தமக்கு அறிமுகமான சுயாதீனக் கலைஞர்களை அணுகி, கோகனின் பாட்டொன்றைத் தெரிந்து பாடித் தருமாறு கேட்டார். 1991ஆம் ஆண்டிலே பதினெட்டுப் பாடல்களோடு தொகுதி வெளிவந்தது. கோகன் 1988இல் வெளியிட்ட இசைத்தட்டின் பெயர் ‘நான் உனக்குரிய ஆடவன்’ எனப் பொருள்படும். இதிலே ஓர் எழுத்தை மாற்றி, ‘நான் உன் இரசிகன்’ என்று பெயரிட்டனர்.

அந்தப் பதினெட்டினுள்ளே சிலவற்றையேனும் சுட்டவேண்டும். அமெரிக்காவிலிருந்து ஆர். ஈ. எம். குழுவினரும் பிக்சீஸ் குழுவினரும் பாடினர். நியூசிலாந்து மகளிர் குழுவொன்றும் பாடியது. பிரான்சைச் சேர்ந்த ஜோன்-லூயி முறா, ஆங்கிலப் பாட்டைத் தம் தாய்மொழிக்கே பெயர்த்துப் பாடினார். ‘பாட்டின் கோபுரம்’ எனப் பொருள்படும் ஒரே பாடலை அவுஸ்திரேலியர் இருவர் தனித்தனியே பாடினர். றொபேட் போஸ்ரர் அதனை நேரிய நடையிற் பாட, நிக் கேவ் தம் குழுவினரோடு பாணிக்குப் பாணி தாவி, அதே பாட்டைக் கூத்தாக்கிவிட்டார். தொகுத்தவர் இரண்டையும் வைத்துக்கொண்டனர். ஒரு முதல்நூலுக்கு வழிநூல் ஒன்றுதான் இருக்கவேண்டும் என்ற விதி இல்லையன்றோ?

என் உள்ளத்தைப் பெரிதும் உருக்கியது ஜெப்றி ஒறியெமா பாடிய ‘சுசான்’. இவர் உகண்டா நாட்டினர். இவருடைய தந்தையார் அந்நாட்டு அமைச்சராக இருந்தவர்; இடி அமீன் ஆட்சியிலே, 1977ஆம் ஆண்டு பெப்ரவரியில், பேராயர் ஜனனி லுவுமுடன் கொல்லப்பட்டார். மகன் காரொன்றின் பின்பெட்டியிலே ஒளிந்து எல்லை கடந்து தப்பினார். பின்னர் பிரான்சிலே வாழ்ந்தார். 1990இல் வெளிவந்த அவருடைய இசைத்தொகுதியின் பெயரே ‘நாடுகடந்த வாழ்வு’ என்பதாகும். மொன்றியல் ஆற்றங்கரையைப் பாடும் பாட்டை, தாய்மண்ணின் ஆற்றை இழந்த ஒருவர் பாடுகின்றார். சொற்கள் கோகனுடையவை, ஏக்கம் ஒறியெமாவினுடையது. 2018ஆம் ஆண்டிலே பிரான்சு மண்ணிலேயே அவர் காலமானார்.

தொகுதியின் இறுதிப் பாட்டு ஜோன் கேல் பாடியது. வேல்சு நாட்டிலே 1942ஆம் ஆண்டிற் பிறந்த இவர் நியூயோர்க்கின் புகழ்பெற்ற ‘வெல்வெற் அண்டகிறவுண்ட்’ குழுவில் வயோலா வாசித்தவர். கோகன் மேடையில் ‘அல்லேலூயா’ பாடியதை அவர் கேட்டிருந்தார். இசைத்தட்டில் இல்லாத கண்ணிகள் மேடையில் வந்ததை அறிந்து, பாட்டின் சொற்களை அனுப்புமாறு கோகனைக் கேட்டார். தொலைநகல் இயந்திரம் இயங்கத் தொடங்கியது; பதினைந்து பக்கங்கள் வந்தன என்று கேல் கூறியிருக்கின்றார். அவற்றிலிருந்து ஐந்து கண்ணிகளை அவர் தெரிந்தெடுத்தார். கோகனின் பதிவிலே பின்பாட்டுக் கூட்டமும் மின்னிசைக் கருவிகளும் இருந்தன. கேல் அவற்றை முற்றாக விலக்கி, ஒரு பியானோவும் தம் குரலும் மாத்திரம் போதும் என்று கொண்டார்.

நேயர்களே, இங்கே கேல் செய்தது என்ன என்பதை நிதானித்துப் பார்க்கவேண்டும். அவர் புதிதாக ஒரு சொல்லும் எழுதவில்லை. எண்பது கண்ணிகளின் நடுவே வழிதெரியாது நின்ற ஒரு பாட்டுக்கு, ஒரு பதிப்பாசிரியர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் வகுப்பதுபோல், வரிசை வகுத்துக் கொடுத்தார். இன்று உலகெங்கும் பாடப்படுவது பெரும்பாலும் அவர் வகுத்த பாடமே. எமது மாணவி பாடியதும் அதுவே.

அத்தொகுதியின் பிரதியொன்று நியூயோர்க்கிலே நண்பர் வீடொன்றில் இருந்தது. அங்கே தங்கிய ஜெஃப் பக்லி என்னும் இளைஞர் அதனைக் கேட்டார். அவரும் அக்காலத்திலே சிறு தேநீர்ச்சாலைகளிற் பாடி வந்தவர். கேலின் பியானோவுக்குப் பதிலாக ஒற்றைக் கிற்றாரை ஏந்தி, 1994ஆம் ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த தம் இசைத்தொகுதியிலே அப்பாட்டைப் பாடினார். கோகனின் குரல் முதியவரின் முணுமுணுப்பு. கேலின் குரல் கண்டிப்பான சாட்சியின் குரல். பக்லியின் குரலோ காதலில் வெந்த இளைஞனின் விம்மல். 1997ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் பக்லி மெம்பிஸ் நகருக்கு அருகே ஆற்றில் மூழ்கி இறந்தார். வயது முப்பதே. அவர் மறைவுக்குப் பின்பே அவர் பாட்டின் புகழ் ஓங்கியது. பின்னாளில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் வரிசையில் அதனையும் சேர்த்தது.

இதன்பின் பாட்டு ஓடிய வேகத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2001ஆம் ஆண்டிலே ‘ஷிறெக்’ என்னும் கேலிச்சித்திரப் படத்திலே கேலின் குரல் ஒலித்தது. உலகத்துச் சிறுவர் எல்லாரும் கேட்டனர். 2008ஆம் ஆண்டு நத்தார் காலத்திலே பிரித்தானியாவில், தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற அலெக்சாண்டிறா பேக் பாடியது விற்பனையில் முதலிடம் பெற்றது. பக்லியின் பதிவு இரண்டாமிடம். கோகனின் சொந்தப் பதிவு 36ஆம் இடம்! 2010ஆம் ஆண்டு வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவிலே கே. டி. லாங் அதனைப் பாடினார்.

இடையிலே 1995ஆம் ஆண்டிலே கோகனுக்கு மற்றொரு காணிக்கைத் தொகுதியும் வந்தது. எல்ற்றன் ஜோன், ஸ்ரிங், பொனோ, வில்லி நெல்சன் போன்ற பேர்போன கலைஞர் அதிலே பாடினர். இதே ‘அல்லேலூயா’வைப் பொனோ பாடினார். ஆனால் அப்பதிவிலிருந்து வழி வழியாகப் பாடுவோர் எழவில்லை. பெரும்புகழாளரின் தொகுதி விருந்தாக முடிந்தது. பாரிசுச் சஞ்சிகைக்காரரின் எளிய தொகுதியோ விதையாக விழுந்தது. பணம், புகழ் ஆகியவற்றின் அளவு கொண்டு இதனை விளக்க முடியாது. பாட்டின் முன்னே நின்ற நிலைதான் வேறுபாடு என்று எனக்குத் தோன்றுகின்றது. கேல் பதினைந்து பக்கங்களையும் படித்தபின்னரே வாய் திறந்தவர்.

கோகனின் நிலை என்னவாயிற்று? அவர் 1994ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியாவின் மலையொன்றிலுள்ள சென் பௌத்த மடத்திலே தங்கி, 1996இல் துறவியாகவும் ஏற்கப்பட்டார். மலையிலிருந்து இறங்கிச் சில ஆண்டுகளின்பின், தம் ஓய்வுக்காலச் சேமிப்பின் பெரும்பகுதி மோசடியினால் மறைந்துபோனதை அறிந்தார். 2008ஆம் ஆண்டு மே மாதத்திலே, எழுபத்து மூன்று வயதிலே, பிழைப்புக்காக மீண்டும் மேடையேறினார். எதிரே ஆயிரமாயிரம் பேர் திரண்டிருந்தனர். அவர்களுட் பலர் கேலிடமிருந்தும் பக்லியிடமிருந்தும் அவர் பாட்டைக் கற்றுக்கொண்டு வந்தவர் என்று கருத இடமுண்டு. தொப்பியைக் கழற்றி மார்பிலே வைத்துக்கொண்டு, அந்த முதியவர் தம் பாட்டைத் தாமே மீண்டும் பாடினார். அப்பாட்டை மிகப் பலர் பாடிவிட்டனர், சிறிது காலம் ஓய்வு கொடுத்தால் நன்று என்று நகைச்சுவையாகவும் அவர் சொன்னதுண்டு. 2013ஆம் ஆண்டுவரை நாடு நாடாகச் சென்று பாடினார். 2016ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயதிலே மறைந்தார்.

பெரிய நிறுவனம் ஒதுக்கிய பாட்டைச் சிறிய கலைஞர் சுமந்து காத்தனர். அது பாராட்டத்தக்கது. ஆனால் அதே பாதையிலே ஆசிரியரின் பெயர் சிறிது சிறிதாக உதிர்ந்துபோனதையும் நாம் காண்கின்றோம். 1950களிலே லிற்றில் றிச்சட்டின் பெயரை மறைத்தது பேராசை. எமது பாடசாலை மண்டபத்திலே கோகனின் பெயரை மறைத்தது யாருடைய தீங்குமன்று. கேட்கும் வழக்கம் எம்மிடம் இல்லாமையே. விளைவு மட்டும் ஒன்றுதான். பாட்டைப் பாடுவோனுக்குச் சட்டம் விதித்த கடன் சில சதங்கள். கேட்போனுக்கு எந்தச் சட்டமும் கடன் விதிக்கவில்லை. அதனாலேயே, ‘இதனைச் செய்தவர் யார்?’ என்று கேட்டறிவதை நாமாகவே நமக்கு விதித்துக்கொள்ளுதல் வேண்டும்.

அடுத்த ஆண்டு ஒளி விழாவுக்கு அந்த மாணவி மீண்டும் பாட விரும்பினாள். பாடலாம், ஆனால் பாடுமுன் இரண்டு நிமிடம் பேசவேண்டும் என்றேன். மேடையேறி, மொன்றியல் நகரிற் பிறந்த லெனாட் கோகனின் பெயரைச் சொன்னாள். கேலின் பெயரைச் சொன்னாள். பக்லியின் பெயரைச் சொன்னாள். பிறகு கிற்றாரை எடுத்தாள். சென்ற ஆண்டைவிட அன்று அவள் குரல் சற்றுத் தாழ்ந்தே ஒலித்தது. மண்டபமோ முன்னினும் அமைதியாக இருந்தது.